ஆசிரிய பயிலுநரும் ஆராய்ச்சி முறையும்

ஆராய்ச்சி என்றவுடன் பல்கலைக்கழகத்தையும் பட்டத்தையும் நினைப்பது வழக்கம். ஆயின், வகுப்பறையில் எழும் ஐயம் ஒன்றனை வரையறுத்து, சான்று தேடி, விடை காண்பதும் ஆராய்ச்சியே. 1946ஆம் ஆண்டில் உளவியலறிஞர் குர்ட் லெவின் செயலையும் ஆய்வையும் இணைக்கும் நெறியை விளக்கினார். 1953இல் ஸ்டீபன் கோரி அந்நெறியைப் பாடசாலைக்கு உரியதாக்கி நூல் செய்தார். இதனையே செயல்நிலை ஆய்வு என்பர்.

மலையகத்துக்கு இதன் தேவை பெரிது. பெரும்பாலும் ஓராசிரியரே பல வகுப்புகளைக் கற்பித்த தோட்டப் பாடசாலைகளை அரசு 1977 முதல் படிப்படியாகப் பொறுப்பேற்றது. பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி தோன்றிப் பயிற்றப்பட்ட ஆசிரியரைத் தந்தது. ஆசிரியர் தொகை பெருகிய பின்னர், அவர் தம் வகுப்பினை எவ்வாறு நோக்குகின்றார் என்பதே அடுத்த வினா.

எல்லப் பகுதித் தோட்டப் பாடசாலையொன்றில் நான்காம் வகுப்பு மாணவர் சிலர் வாசிப்பிற் பின்தங்கியுள்ளனர் எனக் கொள்வோம். அவர்களை மந்தமானவர் என்று கூறிவிடுதல் எளிது. கூறிய பின் எவரும் வேறு காரணம் தேடார். ஆராயப் பயின்ற ஆசிரியரோ முதலில் வரவுப் பதிவேட்டைப் புரட்டுவார். கொழுந்து மிகுந்த காலத்தில், தாய் மலைக்குச் சென்றமையால், தம்பி தங்கையரைப் பார்க்கப் பிள்ளை லயத்தில் நின்றுவிட்டதா? அடுத்து, ஒவ்வொருவரையும் தனியே வாசிக்கச் செய்து பிழைகளைக் குறிப்பார். எழுத்தறியாமை வேறு, எழுத்தறிந்தும் சொற்பொருள் அறியாமை வேறு. அவற்றிற்குரிய பரிகாரமும் வேறு.

எழுத்தறியாமையே குறையெனின், ஆறு கிழமைக்கு நாள்தோறும் சிறு குழுப் பயிற்சி அளிக்கலாம். தொடக்கத்திற் கொடுத்த பந்தியை ஒத்த கடினமுடைய வேறொரு பந்தியை முடிவிற் கொடுத்தல் வேண்டும். அதே பந்தியைக் கொடுப்பின் மனனத்தையே அளந்தவராவோம். முன்னேற்றம் காணினும், அது பயிற்சியாலோ, வரவு சீர்ப்பட்டமையாலோ என வினவுதல் கடன். பயன் விளையாவிடின் அதனையும் மறையாது எழுதுதலே நேர்மை.

ஆறேழு பிள்ளைகளிடத்துக் கண்டதனை ஊவா முழுவதற்கும் விதியாக்கலாகாது. பிள்ளையின் பெயரையும் குடும்ப வறுமையையும் அறிக்கையில் வெளிப்படுத்தலும் ஆகாது.

இதற்கு வேண்டுவன ஒரு குறிப்பேடும் பொறுமையுமே. மந்தம் என்னும் சொல் வாயில் வரும்போது, பதிவேட்டைத் திறக்கும் பழக்கம் பயிலுநர்க்கு வாய்க்குமாயின், ஒரு பிள்ளையின் கல்வி காக்கப்படும்.