தலைக்கு ஏற்ற ஹெல்மெட்

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு டீயைச் சொல்லிவிட்டு ரோட்டைப் பாருங்கள். மேலூர்ப் பக்கமிருந்து பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை மூட்டையோடு வருகிற வண்டிகள், ஒத்தக்கடைப் பக்கம் ஹைகோர்ட்டுக்குப் போகிறவை, காலேஜ் பிள்ளைகள். பலரிடம் ஹெல்மெட் இருக்கிறது. ஆனால் டேங்க் மேல் இருக்கிறது, முழங்கையில் தொங்குகிறது. தலையில் இருந்தாலும் பட்டை மாட்டாமல் காற்றில் ஆடுகிறது. கேட்டால், "தலை வலிக்குதுண்ணே, வேர்த்துக் கொட்டுது" என்பார்கள். அதில் பொய்யில்லை. அளவு தப்பினால் வலிக்கத்தான் செய்யும். வலிக்கிற ஹெல்மெட் தலையில் தங்காது, தங்காதது காப்பாற்றாது. ஆகவே சௌகரியம் பார்த்து வாங்குவதை ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவையடுத்து 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கெடுபிடி தொடங்கியபோது, கிடைத்ததை வாங்கி மாட்டியவர்கள் நிறையப் பேர். போலீஸுக்காக வாங்கும் அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. ரோட்டோரம் குவித்து விற்கிறவர், "ஃப்ரீ சைஸ்தாண்ணே, எல்லாருக்கும் சேரும்" என்பார். ஹெல்மெட்டில் ஃப்ரீ சைஸ் கிடையாது.

காரணம் உள்ளே இருக்கிறது. வெளி ஓடு ஊசிக்கல்லையும் உராய்வையும் தடுக்கும். அடியை வாங்குவது அதற்குள் இருக்கும் தெர்மாகோல். தலை மோதும் நொடியில் அது நசுங்கி, தலை நிற்க எடுக்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டுகிறது, அடியைப் பரப்புகிறது. பழ மார்க்கெட்டில் மாம்பழப் பெட்டிக்குள் வைக்கோல் போடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நசுங்கிய தெர்மாகோல் திரும்ப எழும்பாது. அதனால்தான், விபத்தில் ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். "பக்கத்துலதானே போறேன்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு: ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் எதுவும் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 20 கி.மீ. வேகத்தில் இருக்கும். வண்டியில் உட்கார்ந்தால் தலை இருக்கும் உயரம் கிட்டத்தட்ட அதுதான். ஹெல்மெட் பற்றிப் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2008-ல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு, இறப்பு அபாயம் 42 சதவீதமும் தலைக்காயம் 69 சதவீதமும் குறைவதாகச் சொல்கிறது.

இப்போது கடைக்குள் போவோம். தையல் டேப்பைப் புருவத்துக்கு ஒரு விரல்கடை மேலே வைத்து, காதுக்கு மேலாக, பின்மண்டை புடைத்திருக்கும் இடம் வரை சுற்றி அளந்து கொள்ளுங்கள். 58 செ.மீ. என்றால் அந்த எண்ணைக் கேளுங்கள். ஒரு கம்பெனிக்கு அது மீடியம், இன்னொன்றுக்கு லார்ஜ். எழுத்தை நம்ப வேண்டாம். போட்டதும் கன்னம் இரண்டும் லேசாக அழுந்த வேண்டும். தலையை இடவலமாக ஆட்டினால் ஹெல்மெட்டோடு கன்னத் தோலும் சேர்ந்து நகர வேண்டும். ஹெல்மெட் தனியாகச் சுற்றினால் பெரிது. பட்டையை மாட்டி, பின்னந்தலைப் பக்கம் கைவைத்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் வேண்டவே வேண்டாம். பிறகு, கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, பத்து நிமிஷம் போட்டபடியே நில்லுங்கள். கழற்றும்போது நெற்றியில் ஒரே இடத்தில் சிவந்த தடம் இருந்தால், அளவு சரியாக இருந்தாலும் அந்த வடிவம் உங்கள் தலைக்கானதல்ல. வேறு மாடல் கேளுங்கள். மொத்தமாக இறுக்கம் என்றால் பயமில்லை, உள்மெத்தை கொஞ்ச நாளில் படியும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையில் மேலே ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் கீழே உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்தால் நிஜமா போலியா என்று தெரிந்துவிடும். 2021 ஜூன் 1 முதல் முத்திரை இல்லாததை விற்பதே குற்றம்.

மதுரை வெயிலுக்கு, கழற்றித் துவைக்கக்கூடிய உள்மெத்தையும் காற்றுத் துளைகளும் உள்ளதாகப் பாருங்கள். மெல்லிய பருத்தித் துணியைத் தலைக்குக் கட்டி அதன்மேல் போடலாம். தடித்த துண்டு வேண்டாம், பிடிப்புப் போய்விடும். நிறம் வெள்ளையாக இருந்தால் நல்லது. 2004-ல் வெளியான நியூசிலாந்து ஆய்வு ஒன்றில், கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை போட்டவர்களுக்கு விபத்து அபாயம் 24 சதவீதம் குறைவாக இருந்தது. ஹெல்மெட்டில் கறுப்புக் கண்ணாடி பகலோடு சரி, ராத்திரிக்கு ஆகாது.

பின்னால் உட்காருகிறவர் விஷயத்துக்குத்தான் இவ்வளவு நேரம் பேசினேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது; பட்டை மாட்டியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நம் ஊரில் பெண்கள் மறுப்பதற்குக் கொண்டையும் பூவும் காரணம். உச்சியில் கொண்டையும் அதைச் சுற்றி மல்லிகையும் இருந்தால் ஹெல்மெட் முழுதாக இறங்காது, முன்னால் சாய்ந்து கண்ணை மறைக்கும். பிடரிக்குக் கீழே ஆரம்பிக்கிற மாதிரி தாழப் பின்னி, பூவை அதற்கும் கீழே வைத்தால் பூவும் கசங்காது, ஹெல்மெட்டும் உட்காரும். விசேஷத்துக்கு என்றால் சரத்தைப் பையில் வைத்துக்கொண்டு போய், இறங்கியதும் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் பழைய ஹெல்மெட்டைப் பின்னால் உட்காருகிறவருக்குத் தள்ளிவிடாதீர்கள். அவர் தலையின் அளவு வேறு. கடைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய், அவரையே போட்டுப் பார்க்கச் சொல்லி வாங்குங்கள்.