பால்மரத்தைச் சாய்த்தது யார்? கடாரத்து அதிசயங்கள்… தெரியுமா?

பழைய கடாரமான கெடாவில், சுங்கைப்பட்டாணியில் கிளம்பி, பீடோங் வழியாக மெர்போக் வரை ஒரு சுற்று போய் வாருங்கள். அறிவியல் எங்கே முடிகிறது, கற்பனைக் கதை எங்கே தொடங்குகிறது, ‘எல்லாம் அவன் செயல்’ எங்கே நுழைகிறது என்று தலை சுற்றும்!

கோடு ஏன் சாய்கிறது, தெரியுமா?

ரப்பர் மரப் பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக ஏறுவதில்லை. மூன்று முதல் ஐந்து டிகிரி வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன! அதனால்தான் இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் தாழும்படி வெட்டுகிறார்கள். அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டு மங்கு நிறையும். விடியுமுன் குழாய்களில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். இருட்டிலேயே வேலைக்காட்டுக்கு ஓடுவது அதற்காகத்தான். நமக்காகவே யாரோ வரைபடம் போட்டு நட்ட மரமோ? இல்லை! அமேசான் காட்டில் தன்னைக் கடிக்க வரும் பூச்சியின் வாயை ஒட்டிவிடத்தான் இந்த மரம் பால் சுரந்தது. அந்த மரம் 1877-ல் சிங்கப்பூருக்கு வந்தபோது வெறும் 22 கன்றுகள்தான். மரம் கத்திக்காகச் சாயவில்லை. மரத்தின் சாய்வைப் பார்த்துக் கத்தியைச் சாய்த்தது மனிதக் கை!

கொட்டைக்கும் தாய்வழிச் சொத்து உண்டு, தெரியுமா?

தோட்டத்துப் பிள்ளைகள் சிமெண்டில் தேய்த்துச் சூடு வைத்து விளையாடுவார்களே, அந்த ரப்பர் கொட்டைதான்! அதன் ஓடு முழுக்கத் தாய் மரத்தின் திசுவால் ஆனது. மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்தாலும், ஒரே தாயின் கொட்டைகளில் ஒரே கோலம். விவரம் தெரிந்தவர் கொட்டையைப் பார்த்தே தாய் மரத்தின் ரகத்தைச் சொல்லிவிடுவார்.

செம்பனைப் பூ ஏமாற்றுக்காரி, தெரியுமா?

செம்பனையில் மகரந்தம் சேர்ப்பது காற்றுதான் என்று ரொம்ப காலம் நம்பினார்கள். ஆனால் மலேசியாவில் காய்ப்பு போதவில்லை. ஆள் வைத்துக் கையாலேயே மகரந்தம் தூவ வேண்டியிருந்தது. ஆப்பிரிக்காவின் கேமரூனில் ஆராய்ந்த ரஹ்மான் சையத், உண்மையான வேலையாள் ஒரு சின்னஞ்சிறு வண்டு என்று கண்டார். 1981-ல் அந்த வண்டை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். கைவேலையே தேவையற்றுப் போனது! கூத்து என்னவென்றால், வண்டுக்குத் தீனியும் தங்குமிடமும் தருவது ஆண் பூ மட்டும்தான். பெண் பூ ஆண் பூவைப் போலவே சோம்பு வாசனையை வீசி வண்டை வரவழைத்து, வெறுங்கையோடு அனுப்பிவிடும். இதுவும் திட்டமிட்ட படைப்பு என்றால், படைத்தவருக்குக் குறும்பு அதிகம்தான்!

மணலுக்குள் கடிகாரம் ஓடுகிறது, தெரியுமா?

பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்துவில் பழைய இரும்பு உருக்குக் களங்கள் கிடைத்திருக்கின்றன. பக்கத்திலேயே வட்டமான செங்கல் மேடை ஒன்று, வழிபாட்டிடம் என்கிறார்கள். ஒரே ஊரில் உலைக்களமும் வழிபாடும்! சுட்ட செங்கலில் உள்ள மணல் துகள்கள், சூளையில் வெந்த நாள் முதல் சுற்றியுள்ள கதிர்வீச்சின் ஆற்றலைச் சேமித்துவருகின்றன. ஆய்வகத்தில் ஒளி பாய்ச்சினால் சேமித்ததையெல்லாம் மெல்லிய ஒளியாய்க் கக்கும். அதை அளந்தே வயது கணிக்கலாம். விண்வெளிக் கதை போல இருந்தாலும் அத்தனையும் நிஜம்! இங்கே கி.மு. 788 என்று அறிவிக்கப்பட்ட காலக்கணக்கு இன்னும் விவாதத்தில் இருக்கிறது. 1025-ல் ராஜேந்திர சோழன் கடாரத்தின் மேல் படையெடுத்ததற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கு இரும்பு உருகியது என்பது உறுதி. ஆனால் உருக்கியவர் பேசிய மொழி எதுவென்று கசடு சொல்லாது; வாட்ஸ்அப்தான் சொல்லும்!

செவ்வாய்க் கிரகத்தோடு மல்லுக்கட்டியவரைத் தெரியுமா?

1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுக்கூட்டத்தில் பூச்சியும் பறவையும் சேகரித்தவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். டார்வினைப் போலவே இயற்கைத் தேர்வைத் தானாகக் கண்டுபிடித்தவர். 1858-ல் லண்டனில் இருவர் கட்டுரைகளும் ஒன்றாக வாசிக்கப்பட்டன. அப்படிப்பட்டவரே பதினோராண்டு கழித்து, மனித மூளைக்குப் பின்னால் ஒரு பேரறிவு இருக்கிறது என்று எழுதினார், டார்வின் நொந்துபோனார். ஆனால் செவ்வாயில் அறிவுள்ள உயிர்கள் கால்வாய் வெட்டியிருக்கின்றன என்று வானியலாளர் பெர்சிவல் லோவெல் சொன்னபோது, அந்தக் கிரகம் உயிர் வாழ முடியாத குளிர் என்று 1907-ல் தனிப் புத்தகமே போட்டு மறுத்தவரும் இதே வாலஸ்தான்! 1965-ல் மரைனர் 4 அனுப்பிய படங்களில் கால்வாயும் இல்லை, கட்டியவரும் இல்லை.

கூரைமேல் தட்டு ஏன் அண்ணாந்து பார்க்கிறது, தெரியுமா?

பூமத்தியரேகைக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் சுற்றும் துணைக்கோள், நம் கண்ணுக்கு அசையாமல் நிற்கும். அப்படிப்பட்ட துணைக்கோள்களைக் கொண்டு உலகம் முழுக்க ஒலி, ஒளி பரப்பலாம் என்று 1945-ல் விளக்கியவர் ஆர்தர் சி. கிளார்க், பின்னாளில் அறிவியல் புனைகதை மன்னர், இலங்கைவாசி. அப்போது வானத்தில் ஒரு துணைக்கோள்கூட இல்லை! 1996 ஜனவரியில் மலேசியாவின் மீசாட்-1 மேலேறியது. கெடா பூமத்தியரேகைக்குப் பக்கம் என்பதால் நம் ஆஸ்ட்ரோ தட்டு ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே குறிவைக்கிறது. கிளார்க்கின் கணக்குதான் கூலிம் வீட்டுக்கூடத்தில் தமிழ்ப் படமாக ஓடுகிறது!

சண்டைபோட்ட மலைகளைத் தெரியுமா?

லங்காவியில் மச்சின்சாங், ராயா ஆகிய மலைகள் இரண்டும் ஒரு கல்யாண வீட்டில் அடித்துக்கொண்ட பூதங்கள் என்பது ஊர்க்கதை. பாறை ஆய்வாளரைக் கேட்டால், மச்சின்சாங் சுமார் 50 கோடி ஆண்டு பழைய மணற்பாறை. ராயா அதற்கு வெகுகாலம் பின்னால் எழும்பிய கருங்கல். இரண்டும் ஒரே வம்சமல்ல என்பதில் கதையும் கல்லும் ஒத்துப்போகின்றன!

அடுத்து யாராவது ‘இது அறிவியலே ஒப்புக்கொண்டது’ என்று மூச்சுவிடாமல் ஆரம்பித்தால், ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘எதைக் காட்டினால் இது பொய் என்று ஒப்புக்கொள்வீர்கள்?’ லோவெலின் கால்வாய்க்கு அப்படி ஒரு பரீட்சை இருந்தது, தோற்றது. செம்பனை வண்டுக்கும் இருந்தது; ஜெயித்தது. பதில் வராவிட்டால், கதையாக இருந்தால் ரசியுங்கள், சாமியாக இருந்தால் கும்பிடுங்கள். பரீட்சையே எழுதாமல் பாஸ் மார்க் மட்டும் போட்டுவிடாதீர்கள்!