தானமாக வந்த மாட்டுக்கும் பல் பார்ப்போம்



தானமாகக் கிடைத்த மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம் நாட்டு வழக்கு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி புரிந்த நான், இன்று அவ்வழக்குக்கு ஒரு விலக்குக் கூற வந்துள்ளேன்.

குஜிலியம்பாறையில் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, தன் பாட்டியின் தாலாட்டுகளை இணையப் பக்கமாக்க விரும்பினாள். இணையப் பக்கம் என்பது, இது தலைப்பு, இது பத்தி என்று குறிகள் இட்டு, எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியில் எழுதும் உரைக்கோப்பேயாகும். அதனை எழுதும் கருவியை எடிட்டர் என்பர். விண்டோஸ் கணினியில் இலவசமாகக் கிடைத்த ஏதோ ஓர் எடிட்டரில், பாட்டியார் சொல்லச் சொல்ல ஒரே அமர்வில் எழுதிச் சேமித்தாள். மறுநாள் திறந்தபோது தமிழ் எழுத்தெல்லாம் வினாக்குறிகளாக நின்றன! பாட்டியார் இன்று இல்லை. அப்பாடல்களுட் சில மீளவும் இல்லை.

காரணம் யாது? கணினி எழுத்தை எண்ணாகவே சேமிக்கும். அக்கருவி கையாண்ட பழைய எண்முறையில் தமிழுக்கு இடமில்லை. யூனிகோடு முறையில் தமிழுக்குத் தனியிடம் உண்டு. அதனைக் கோப்பில் பதியும் வழியே யு.டி.எஃப்-8. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தாரும், தொடக்கத்தில் வேறு முறைகளில் ஏற்றிய தமிழ் நூல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே மூன்று பற்களைப் பாருங்கள். ஒன்று, கருவி யு.டி.எஃப்-8 முறையில் சேமிக்கின்றதா? இரண்டு, குறிகளை வண்ணத்தால் பிரித்துக் காட்டி, தொடக்கக் குறிக்கு இணையான முடிவுக் குறியைக் காண உதவுகின்றதா? மூன்று, அதனை இன்றும் பேணுவோர் உளரா? புகழ்பெற்ற ஆட்டம் என்னும் எடிட்டர் 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. ஆயினும் அதில் எழுதிய கோப்புகள் அழியவில்லை. வேறெந்த எடிட்டரிலும் அவை திறக்கும். நிலைக்க வேண்டுவது கருவியன்று, கோப்பே.

2003இல் வெளிவந்த நோட்பேட் பிளஸ் பிளஸ், 2015இல் வந்த விஷுவல் ஸ்டூடியோ கோட் ஆகிய இரண்டும் இச்சோதனையில் தேறுவன. வலிமை குறைந்த பழைய கணினிக்கு முன்னது ஏற்றது. பல கோப்புகள் கொண்ட பெரும்பணிக்குப் பின்னது உதவும்.

எதனைத் தேர்ந்தாலும், முதலில் ஒரே ஒரு தமிழ் வரியை எழுதுங்கள், சேமித்து மூடுங்கள், மீண்டும் திறந்து பாருங்கள். அவ்வரி பிழையின்றி நின்ற பின்னரே பாட்டியை அழைத்துப் பாடச் சொல்லுங்கள்.