இடியின் புதல்விகள்

குவைத்திலும் சவூதியிலும் வீட்டுப் பணி செய்து திரும்பிய சகோதரிகளிடம் 'ஃபக்அ' என்று சொல்லிப் பாருங்கள். பலருக்கு முதலில் மணல்தான் நினைவுக்கு வரும். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் அரபு வீடுகளுக்குப் பெட்டி பெட்டியாக வந்திறங்கும் பொருள் அது. பார்வைக்கு உருளைக்கிழங்கு போலிருக்கும். தோலின் மடிப்புகளுக்குள் பாலைமணல் புகுந்திருக்கும். ஏழெட்டுத் தண்ணீரில் கழுவாவிட்டால் சோற்றில் நறநறக்கும். இறைச்சியோடும் நெய்யோடும் சேர்த்துச் சமைப்பார்கள்.

ஆனால் இது கிழங்கல்ல, மண்ணுக்கடியில் விளையும் ஒரு பங்கசு. நூல் அரபியில் இதன் பெயர் 'கம்ஆ'. இலையோ விதையோ இல்லாமல், இடியோடு மழை பெய்த பிறகு மணலைப் பிளந்துகொண்டு தலைகாட்டுவதால், 'இடியின் புதல்விகள்' என்றும் அரபிகள் இதனை அழைத்தார்கள்.

ஸஹீஹுல் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் கம்ஆ பற்றிய நபிமொழி இடம்பெற்றுள்ளது. அதில் நபி (ஸல்) அவர்கள் இதனை 'மன்னு' வகையைச் சேர்ந்தது என்று கூறி, அதன் நீரைக் கண்ணுக்கு நிவாரணமாகவும் குறிப்பிட்டுள்ளார்கள். விதைக்காமல், நீர் பாய்ச்சாமல் கிடைப்பதால் மன்னு என்றார்கள் என விளக்கம் தந்த அறிஞர்கள் உண்டு. அந்நீரைத் தனியாகப் பாவிப்பதா, வேறு மருந்தோடு கலப்பதா என்பதில் அவர்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. ஆகவே சகோதரிகளே, சாற்றைப் பிழிந்து பிள்ளைகளின் கண்ணில் விட்டுப் பார்க்க வேண்டாம். கண் நோய்க்கு வைத்தியரிடமே செல்லுங்கள்.

விதைப்பவர் இல்லை என்றாலும், கம்ஆவுக்கு ஒரு துணை இருக்கிறது. பாலையில் படர்ந்து கிடக்கும் சிறிய செடி அது. வளைகுடாவில் 'ரக்ரூக்' என்பார்கள். பங்கசின் நுண்ணிய இழைகள் அதன் வேரோடு இணைந்துவிடுகின்றன. வேர் எட்டாத இடத்திலிருந்தெல்லாம் நீரையும் பொசுபரசையும் இழைகள் கொண்டுவந்து கொடுக்கின்றன. செடி, தான் வெயிலில் ஆக்கிய சர்க்கரையைப் பதிலுக்குக் கொடுக்கிறது. பதூவிகளும் முதலில் இச்செடியைத்தான் தேடுவார்கள். ஒக்டோபர், நவம்பரில் பெய்யும் 'வஸ்ம்' மழை தவறினால், பிறகு எவ்வளவு கொட்டினாலும் அந்த வருடம் விளைச்சல் சொற்பமே.

இத்தகைய உறவுக்கு 'பங்கசு வேர்' எனப் பொருள்படும் 'மைக்கோரைசா' என்ற பெயரை 1885 இல் சூட்டியவர் ஜேர்மனியரான ஃபிராங்க். மரங்களடியில் விளையும் இதே இனப் பங்கசைப் பயிரிட வழி தேடப் போனவர் அவர்!

நம் வீட்டுத் தோட்டத்து வாழை, தென்னை, மிளகாய் வேர்களிலும் இப்படியான பங்கசுக்கள் வாழ்கின்றன. அவை வேறு வகை. கண்ணுக்குப் புலப்படுமளவு காய்ப்பதில்லை. பல நாடுகளிலிருந்து எடுத்த 1,014 வேர் மாதிரிகளைச் சோதித்து 2015 இல் வெளிவந்த ஆய்வொன்று, அந்த வகைகளில் நூற்றுக்கு 93 ஒன்றுக்கு மேற்பட்ட கண்டங்களில் இருப்பதைக் கண்டது. கம்ஆ அப்படியல்ல. மொரோக்கோ முதல் ஈரான் வரையுள்ள வறண்ட நிலங்களும் ஸ்பெயின் போன்ற மத்தியதரைக் கரைகளும்தான் அதன் வீடு. தோழியான செடியும் சுண்ணாம்பு கலந்த மணலும் வறட்சியும் ஒருங்கே வேண்டும். நம் ஈர மண்ணில் ஊன்றிப் பயனில்லை.

ஸ்பெயினின் முர்சியாவில் 1999 இல் செடியின் வேரில் பங்கசைச் சேர்த்து நட்டார்கள். இரண்டொரு வருடத்தில் விளைச்சலும் கண்டார்கள். அரபு நாடுகளிலோ பெரும்பகுதி இன்னமும் பாலையில் தேடி எடுப்பதுதான். ஆடும் ஒட்டகமும் அளவுக்கு மீறி மேய்ந்து ரக்ரூக் அழிந்த இடத்தில், மழை பெய்தும் கம்ஆ வருவதில்லை.

தேடுபவர்கள் பெரும்பாலும் ஏழைகள். சிரியாவிலும் ஈராக்கிலும் போர் விட்டுச் சென்ற கண்ணிவெடிகள் அதே மணலில் கிடக்கின்றன. 2023 பெப்ரவரியில் சிரியாவின் சுக்னா அருகே, கம்ஆ பறிக்கப் போயிருந்த ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஆயுததாரிகளின் தாக்குதலில் உயிரிழந்தனர். அடுத்த மழைக்கும் அவ்வூர் மக்கள் கூடையோடு பாலைக்குப் போனார்கள். ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் பணம் அங்கே ஒரு குடும்பத்தின் பல நாள் ரொட்டி.