மனக்காயமும் புதிய மருந்தும்: மேய்ப்புப் பணிக்கு ஒரு விளக்கம்

தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த தரமணியில் திருப்பணியாற்றும் ஆயர் ஒருவரிடம், கணவனின் கொடுமைக்குத் தப்பி வந்த பெண், "ஐயா, பழைய நினைவுகளை ஆற்ற ஒரு புது மருந்து வந்திருக்கிறதாமே, அதை உட்கொள்வது பாவமா?" என வினவக்கூடும். விடையளிக்குமுன் அம்மருந்து யாதென அறிதல் நம் கடமை.

எம்.டி.எம்.ஏ. என்னும் அவ்வேதிப்பொருள் அச்சத்தைத் தணித்துப் பிறர்மேல் நம்பிக்கையைப் பெருக்குவது. கொடுமையை எண்ணுந்தோறும் நடுங்கி வாயடைத்துப்போவோர், இதன் துணையால் சில மணி நேரம் அந்நினைவை நேர்நின்று நோக்கவும் எடுத்துரைக்கவும் இயலுகிறது. ஆய்வுகளில் ஏறத்தாழ மாதத்திற்கொருமுறையாக மும்முறை, ஆற்றுநர் இருவர் உடனிருக்க, எட்டு மணி நேர அளவில் இச்சிகிச்சை நடைபெற்றது. முன்னும் பின்னும் மருந்தில்லா உரையாடல்கள் பல உண்டு. 90 பேர் பங்கேற்று 2021-இல் வெளியான ஆய்வில், மருந்தோடு உரையாடலும் பெற்றோரில் நூற்றுக்கு 67 பேர் நோயினின்று விடுபட்ட நிலையை எய்தினர். போலி மருந்தோடு உரையாடல் பெற்றோரில் 32 பேரே எய்தினர். உரையாடல் தனித்தும் பயனளித்தது என்பது நோக்கத்தக்கது.

ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர் வழியாக இதனை ஏற்றது. அமெரிக்க உணவு மருந்து ஆணையம் 2024 ஆகஸ்டில் ஒப்புதல் மறுத்தது. கனடாவில் 2015-இல் நடந்த ஆய்வொன்றில் மருந்தின் வயப்பட்டிருந்த பெண்ணிடம் ஆற்றுநர் வரம்பு மீறியதும் பின்னர் வெளிப்பட்டது. நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டிற்குள் இம்மருந்து அடங்கும். ஆகவே இதனைத் தருவோமென இங்கு எவரேனும் கூறின் அவரை விட்டு விலகுதல் வேண்டும்.

எனினும் இம்மருந்தின் வரலாறு நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. அஞ்சாது பேசுவதற்கு இடமிருந்தால் காயம் ஆறத் தொடங்கும். 2 சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தில் அப்சலோம் தன் தங்கை தாமாருக்கு வீட்டில் இடமளித்தான். ஆயின் பேசாதிருக்கப் பணித்தான். தாவீது சினந்தான், ஒன்றும் செய்தானில்லை. அவள் தனித்து வாடினாள். "மன்னித்து வீடு திரும்பு" என விரைந்து சொல்லும் ஆயரும் அப்சலோமைப்போலவே அவள் வாயை அடைக்கிறார். அடி தொடரும் இல்லத்தில் எம்மருந்தும் பயன் தராது.

ஆதலின் நம் பணி மூன்று. முதலாவது பாதுகாப்பு: 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பாதுகாப்பு அலுவலரையும், 181 என்னும் மகளிர் உதவித் தொலைபேசியையும் அவளுக்கு அறிவித்தல். இரண்டாவது, மனக்காயத்திற்குரிய பேச்சுச் சிகிச்சை அளிக்கும் மனநல மருத்துவரிடம் அனுப்புதல். மூன்றாவது, இரகசியம் காத்து அவசரமின்றிக் கேட்டல். நலிந்த உள்ளம் திறக்கும் வேளையில் கேட்பவர் கையில் பெரும் அதிகாரம் சேர்கிறது என்பதைக் கனடா நிகழ்ச்சி நமக்கும் உரைக்கிறது.

அப்பெண்ணுக்கு நாம் கூறத்தக்க விடை இது: சட்டத்திற்குட்பட்டு மருத்துவர் வழியே நலம் நாடுதல் பாவமன்று. உன் துயரத்தைக் கேளாதிருந்த பாவம் எங்களுடையது.