அம்மாவின் போன் லாக்கரில், பிள்ளையின் போன் கையில்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பல ஆலைகளுக்குள் தொழிலாளர்கள் செல்போனைக் கொண்டுபோக முடியாது. வாசலிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும்; அனுமதிக்கும் இடங்களிலும் கேமராமீது ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். செகண்ட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறிய பிறகுதான், மகள் சாயங்காலம் மூன்று முறை கூப்பிட்டிருப்பது அம்மாவுக்குத் தெரியவரும். பிள்ளைகளின் சமூக வலைதளப் பழக்கம் குறித்துப் பெற்றோருக்குச் சொல்லப்படும் யோசனைகளில் பாதி, ‘பக்கத்தில் இருந்து கவனியுங்கள்’ என்பதுதான். பக்கத்தில் இருக்க முடியாத பெற்றோருக்கு என்ன வழி?

ஒன்றை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த வீடுகளில் பிள்ளையின் கையில் போனைக் கொடுக்கச் சொன்னதே பள்ளிதான். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. பள்ளிகள் திறந்த பிறகும் பல இடங்களில் வீட்டுப்பாடம் அங்கேயே தங்கிவிட்டது. ஊரகப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட 2024ஆம் ஆண்டு ‘அசர்’ ஆய்வின்படி, 14 முதல் 16 வயது வரையிலானவர்களில் 76 சதவீதம் பேர் முந்தைய வாரத்தில் சமூக வலைதளத்துக்காகப் போனைப் பயன்படுத்தியிருந்தார்கள். படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதி, நோட்டில் குறித்துக்கொள்ளச் செய்தாலே ‘மிஸ் அனுப்பியிருக்காங்க, பார்க்கணும்’ என்ற காரணம் இல்லாமல் போகும். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

அடுத்தது செட்டிங்ஸ். இன்ஸ்டாகிராம் 2025 பிப்ரவரியில் இந்தியாவிலும் 18 வயதுக்குட்பட்டோருக்குத் தனிக் கணக்கு முறையைக் கொண்டுவந்தது. கணக்கு தானாகவே பிரைவேட் ஆக இருக்கும். அறிமுகமில்லாதவர் மெசேஜ் அனுப்ப முடியாது. இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை நோட்டிஃபிகேஷன் வராது. 16 வயதுக்குக் கீழே இருப்பவர் இதைத் தளர்த்தப் பெற்றோரின் அனுமதி வேண்டும். ஆனால் பிறந்த ஆண்டை மாற்றி வயதைக் கூட்டிப் போட்டிருந்தாலோ, அப்பாவின் பழைய போனில் அப்பா பெயரிலேயே கணக்கு ஓடினாலோ இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது. வார விடுமுறையில் பிள்ளையோடு உட்கார்ந்து அந்தக் கணக்கில் என்ன வயது இருக்கிறது என்று பார்ப்பது, தினமும் திட்டுவதைவிடப் பலன் தரும். கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியில் நேர வரம்பை முன்கூட்டியே வைத்துவிடலாம். லாக்கரில் கிடக்கும் போனுக்கு ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டு வந்தால் யார் பதில் சொல்வது?

சட்டத்தை நம்பிக் காத்திருக்க முடியாது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் சமூக வலைதளக் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்துவிட்டது. அதே மாதம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் அதுபோன்ற சட்டத்தைப் பரிசீலிக்கலாம் என்று மத்திய அரசுக்குச் சொன்னது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன; நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம்.

எனக்குப் பெரிய கவலை நேரம் வீணாவது அல்ல, மிரட்டல். படத்தை வாங்கிக்கொண்டு ‘வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்’ என்பவனிடம் சிக்கிய பிள்ளை, பெற்றோரிடம் சொல்லத் தயங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: சொன்னால் அடி விழும், போன் போய்விடும், சில வீடுகளில் படிப்பே நின்றுவிடும். ‘என்ன நடந்தாலும் சொல், போனைப் பிடுங்க மாட்டேன்’ என்று பெற்றோர் முன்பே வாக்குக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும். மிரட்டல் வந்துவிட்டால் எதையும் அழிக்கக் கூடாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1098 குழந்தைகள் உதவி எண்ணையோ, 1930 சைபர் குற்ற உதவி எண்ணையோ அழைக்கலாம். குழந்தையைப் பாலியல் ரீதியாக இணையத்தில் தொந்தரவு செய்வதும் போக்சோ சட்டத்தின் கீழ் குற்றம். விஷயம் தெரிந்த ஆசிரியர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். ‘பள்ளிப் பெயர் கெட்டுவிடும்’ என்று உள்ளுக்குள்ளேயே பேசி முடிப்பதும் குற்றமே.

போனில் மிரட்டல் மட்டுமல்ல, வதந்தியும் வருகிறது. அதைப் பற்றி வகுப்பில் பேச இந்த வட்டாரத்துக்குச் சொந்த அனுபவமே இருக்கிறது. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே விடுதியில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் கெட்டுப்போன உணவால் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். சிலர் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் தகவல் பரவியது. தோழிகளின் நிலை தெரியாமல் தவித்த பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் செய்தார்கள். உணவு கெட்டிருந்தது உண்மை, மரணச் செய்தி பொய். உண்மையோடு ஒட்டிக்கொண்டு வந்ததால்தான் அந்தப் பொய்யை அத்தனை பேர் நம்பினார்கள். சரியான தகவல் உடனே கிடைத்திருந்தால் அது அவ்வளவு தூரம் போயிருக்காது. அன்று சாலையில் இருந்தவர்களின் தம்பி தங்கைகள் இன்று நம் வகுப்புகளில் இருக்கலாம். அவர்களிடம் இதைக் கேட்டுப் பேச வைத்தால், எந்தப் பாடப்புத்தகமும் தராத பாடம் கிடைக்கும்.

இதையெல்லாம் பெற்றோரிடம் பேச வேண்டிய இடம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். அதை வேலை நாளின் பிற்பகலில் வைத்துவிட்டு, ‘பெற்றோர் வருவதில்லை’ என்று குறைப்படுவதில் நியாயமில்லை. ஞாயிறு காலையில் ஒன்று, ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ் ஊருக்குத் திரும்பிய பிறகு ஒன்று என இரண்டு முறை வைக்கலாம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்களுக்கு, அவர்கள் மொழி தெரிந்த ஒரு தொழிலாளியைக் கூட்டிவந்து உட்காரவைத்தால், இன்ஸ்டாகிராம் கணக்கில் வயதைப் பார்ப்பது எப்படி என்பதை அவரே செய்துகாட்டிவிடுவார்.