எண்ணெய்க்கு வழி சொல்லும் வால்வுகள்

நம் மைசூருத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ முடித்த பிள்ளை ஒருவர் இருப்பார். ஹெப்பால், ஹூட்டகள்ளி, கூர்கள்ளி, பெலவாடி என ஏதாவதொரு தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேருவார். அங்கே அவர் கையாளப் போகும் இயந்திரங்களில் பல ஹைட்ராலிக் இயந்திரங்களாகவே இருக்கும். இத்தகைய இயந்திரங்களை நீண்ட காலம் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன் நான். "மாமா, மெஷின் வால்வுன்னா வீட்டுக் குழாய் மாதிரிதானே?" என்று பக்கத்து வீட்டுத் தம்பி அண்மையில் கேட்டான். அவனுக்குச் சொன்னதை எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். கையும் உயிரும் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் பெற்றோரும் படிக்க வேண்டுகிறேன்.

மூடிய கலத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். இது பாஸ்கல் கண்ட விதி. இதைக் கொண்டு இங்கிலாந்தில் ஜோசப் பிராமா 1795-ல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தமுள்ள எண்ணெய், 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பிஸ்டனைத் தள்ளினால் 10 டன் விசை கிடைக்கும். இவ்வளவு பலத்தை அடக்கி ஆள்பவை வால்வுகள். எண்ணெய் எங்கே போக வேண்டும், எவ்வளவு அழுத்தம் வரை போகலாம், எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கு மூன்று வகை வால்வுகள் உண்டு.

முதலாவது திசை வால்வு. இதனுள்ளே நூல் சுற்றும் உருளையைப் போல இடையிடையே குறுகிய எஃகுத் தண்டு ஒன்று நகரும். அதனால் அதற்கு ஸ்பூல் என்று பெயர். அது ஒரு பக்கம் நகர்ந்தால் சிலிண்டர் நீளும். மறுபக்கம் நகர்ந்தால் சுருங்கும். நம் ஊர் பி.இ.எம்.எல். ஆலையில் தயாராகும் டம்பர் லாரிகளின் தொட்டியைத் தூக்குவதும் இறக்குவதும் இந்த வகை வால்வின் வேலைதான். எண்ணெயை ஒரு பக்கம் மட்டும் விட்டு, திரும்ப வராமல் தடுக்கும் செக் வால்வும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இரண்டாவது அழுத்த வால்வு. இதில் முக்கியமானது ரிலீஃப் வால்வு. கிருஷ்ணராஜ சாகர் அணையில் நீர்மட்டம் 124.80 அடியை எட்டினால் அணை நிறைந்துவிட்டது. மேற்கொண்டு வரும் நீரை வெளியே விட்டாக வேண்டும். நீர் ஏறினால் தானே திறக்கும் கதவுகளை 1903-ல் புனே அருகே கடக்வாசலாவில் அமைத்தவர் விசுவேசுவரய்யா. பின்னர் நம் அணையிலும் அம்முறையைக் கொண்டுவந்தார். ரிலீஃப் வால்வும் அப்படித்தான். அழுத்தம் குறித்த அளவைத் தாண்டினால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் விட்டுக்கொடுக்கும். எண்ணெய் டேங்குக்குத் திரும்பிவிடும்.

மூன்றாவது ஓட்ட வால்வு. எண்ணெய் செல்லும் துவாரத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும். சாதாரண வகையில் பாரம் மாறினால் வேகமும் மாறும். பாரம் மாறினாலும் வேகம் மாறாதபடி ஈடுசெய்யும் வகையும் உண்டு.

இனி, பிள்ளைகள் மனத்தில் வைக்க வேண்டியவை. நான் வேலை செய்த ஓரிடத்தில் பிரஸ் போதிய விசை தரவில்லை என்று ஒருவர் ரிலீஃப் வால்வின் திருகை இறுக்கிக்கொண்டே போனார். ஹோஸ் வெடித்துச் சூடான எண்ணெய் பக்கத்தில் நின்ற சேலத்து இளைஞரின் தோளில் கொட்டியது. பிறகு பார்த்தால், தேய்ந்திருந்தது பம்பு. பிரஷர் கேஜைப் பார்க்காமல், தயாரிப்பாளர் குறித்த அளவைத் தெரிந்துகொள்ளாமல் அந்தத் திருகைத் தொடவே கூடாது.

அடுத்து, ஸ்பூலைச் சுற்றிச் சிறிது எண்ணெய் கசிவது இயல்பு. ஆகவே தூக்கி நிறுத்திய பாரம் மெல்ல இறங்கும். ஹோஸ் அறுந்தால் சட்டென்று விழும். இரும்புத் தாங்கு கொடுக்காமல் அதன் அடியில் தலையை நீட்டாதீர்கள்.

கடைசியாக, ஊசித் துளைக் கசிவை விரலால் தடவிப் பார்க்காதீர்கள். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். அழுத்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே முள் குத்தினாற்போலத்தான் தெரியும், வலியும் குறைவாக இருக்கலாம். ஆனால் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரிடும்.

மொழி தெரியாதே என்று தயங்கும் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல செய்தி. ஹைட்ராலிக் வரைபடக் குறியீடுகளுக்கு ஐ.எஸ்.ஓ. 1219 என்ற சர்வதேசத் தரம் உண்டு. வால்வின் மேல் 'பி' என்றிருந்தால் பம்பு, 'டி' என்றிருந்தால் டேங்க். மேஸ்திரி கன்னடத்தில் பேசினாலும் கூட வேலை செய்பவர் இந்தியில் பேசினாலும் வரைபடம் ஒன்றேதான். அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

பெற்றோரே, வேலை முடிந்து வரும் பிள்ளையிடம் இன்று சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: "உன் மெஷினில் ரிலீஃப் வால்வு எங்கே இருக்கிறது?" பதில் தெரியாவிட்டால், நாளைக் காலை இயந்திரத்தை ஓட்டுமுன் கேட்டுத் தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்கள்.